உள்நூல் ஓடுகிறதா?

டாட்டிங் என்பது ஷட்டில் என்கிற சின்னக் கருவியில் நூல் சுற்றி, முடிச்சு முடிச்சாகப் பின்னுகிற ரேந்தை. அதைப் பழக வருகிறவர்கள் முதல் நாளே சொல்கிற வசனம் ஒன்றுதான்: "அக்கா, வளையம் இறுகுதில்ல." இருபது முடிச்சுப் போட்டாயிற்று, எண்ணிக்கையும் சரி, பார்வைக்கும் முடிச்சு மாதிரித்தான் இருக்கிறது. நூலை இழுத்தால் வளையம் மூடுவதில்லை. இன்னும் பலமாக இழுத்தால் நூல் அறுகிறது.

காரணம் முடிச்சில் இல்லை, முடிச்சு எந்த நூலில் விழுந்திருக்கிறது என்பதில் இருக்கிறது. கல்லடிக் கடற்கரையில் வலை பொத்துகிறவர் போடும் முடிச்சு போட்ட இடத்தைவிட்டு நகரக்கூடாது. நகர்ந்தால் கண்ணளவு மாறி மீன் தப்பிவிடும். டாட்டிங் முடிச்சு இதற்கு நேர் எதிர். நடுவே ஒரு நூல் நேராகக் கிடக்க வேண்டும், மற்ற நூல் அதைச் சுற்றி அமர வேண்டும், உள்ளே கிடக்கும் நூல் எப்போது இழுத்தாலும் ஓட வேண்டும். இந்தக் கைவேலையில் வருகிற பிழைகளில் பெரும்பாலானவை இந்த ஓட்டம் எங்கோ தடைப்பட்டதால் வருபவைதான்.

கீழே வருகிற சொற்கள் எங்களுக்குள் நாங்கள் வைத்துக்கொண்டவை. நூல் சுற்றிய ஷட்டில், ஓடம். மருதமுனைத் தறியில் குறுக்கே ஓடுகிறதன் குட்டித் தங்கச்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜெர்மன்காரரும் இந்தக் கைவேலையைச் 'சின்ன ஓட வேலை' என்ற பொருள்படத்தான் சொல்கிறார்கள். ஓடத்திலிருந்து வருகிற நூல் உள்நூல். இடது கைவிரல்களைச் சுற்றியிருப்பது கைநூல். பிக்கோ என்கிற சின்னக் கண்ணி, காது. இரண்டு அரை முடிச்சுச் சேர்ந்தது ஓர் இரட்டை. வட்டமாக மூடுவது வளையம், மூடாமல் வளைந்து நிற்பது வில்.

அரை முடிச்சு எப்படி இடம் மாறுகிறது என்பதை வெள்ளை நூலில் பழகக்கூடாது. இரண்டு நிறத்தில் பழக வேண்டும். ஓடத்தில் சிவப்பு, கையில் வெள்ளை, இரண்டின் நுனியும் சேர்த்து முடிந்தது. அந்த முடிச்சை இடது பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையில் பிடித்து, வெள்ளையை நடுவிரலுக்கு மேலாகக் கொண்டுபோய்ச் சுண்டுவிரலில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொள்ளுங்கள். ஓடம் வெள்ளை நூலுக்குக் கீழால் போய் மேலால் திரும்புகிறது. இந்த நிமிடத்தில் பார்த்தால் வெள்ளை நேராகவும், சிவப்பு அதைச் சுற்றியும் இருக்கும். இது பிழையான நிலை, ஆனால் எல்லோருக்கும் இப்படித்தான் தொடங்கும். இப்போது நடுவிரலைத் தளர விடுங்கள். வெள்ளை தொய்யட்டும். அதே கணம் வலது கை சிவப்பை நேர்கோடாக இறுக்குகிறது. சுற்று அப்படியே துள்ளி வெள்ளைக்கு மாறும். சிவப்பு இறுகி நிற்கும்போதே நடுவிரலை மெல்ல உயர்த்தினால் வெள்ளைச் சுற்று சிவப்பின்மேல் வழுக்கிக்கொண்டு வந்து பெருவிரலடியில் உட்காரும். இரண்டாவது அரை இதன் மறுபக்கம்: மேலால் போய்க் கீழால் திரும்ப வேண்டும், துள்ளல் அதே துள்ளல்.

பிழையை நிறமே சொல்லிவிடும். முடிச்சின் முதுகில் வெள்ளை தெரிந்தால் சரி. சிவப்பு தெரிந்தால் அந்த அரை மாறவில்லை, அதை ஊசி நுனியால் அவிழ்த்துவிட்டுத்தான் அடுத்தது. பழகுகிறவர்கள் விடுகிற தவறு பெரும்பாலும் ஒன்றே: இரண்டு கையையும் ஒரே நேரத்தில் இறுக்குவது. இடது தளரும்போது வலது இறுகும், வலது இறுகியே நிற்கும்போது இடது எழும்பும். இரண்டும் சேர்ந்து இழுத்தால் முடிச்சு பாதி வழியில் பூட்டிக்கொள்ளும். ஒவ்வொரு இரட்டைக்கும் பிறகு உள்நூலை ஒரு சின்ன இழுப்பு இழுத்துப் பாருங்கள். ஓடினால் மேலே போகலாம். இருபதாவது முடிச்சில் தெரியவருவதைவிட இரண்டாவதில் தெரியவருவது நல்லது.

நூலைப் பற்றிக் கொஞ்சம் பிடிவாதமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பழக 20ஆம் இலக்கப் பருத்திக் குறோசே நூல், மெர்சரைஸ் செய்தது (பளபளப்பும் உறுதியும் வரப் பதப்படுத்தியது), இறுக்கமாக முறுக்கியது. இலக்கம் கூடக்கூட நூல் மெலியும். 10 தடிப்பு, முடிச்சைக் கண்ணால் எண்ணலாம், ஆனால் ரேந்தை கயிறு மாதிரி இருக்கும். 40 லேஞ்சிக்கு அழகு. 80 கண் நல்லாக உள்ளவர்களுக்கு, அதுவும் பகல் வெளிச்சத்தில். எம்பிராய்டரி நூலின் ஆறு இழையும் பிரிந்து ஓடத்தின் மூக்கில் சிக்கும். தையல் மெசினுக்கான பொலியெஸ்டர் நூல் முறுக்கேறி எழும்பும், காதுகள் ஒன்றாவது நேராக நிற்காது. வலை கட்டும் நைலோன் நூலில் முடிச்சு வழுகும். கைத்தறி நூல் அருகிலேயே கிடைக்கிறதே என்று கேட்பார்கள். மருதமுனையில் நெய்கிற துணி ரேந்தை தைக்க அருமையானது. ஆனால் தறிக்கு வருகிற பருத்தி நூல் மென்முறுக்கு, தும்பு எழும்பும். பத்து முடிச்சு கடந்ததும் உள்நூல் தும்பில் சிக்கி நின்றுவிடும். துணிக்கு ஒன்று, ரேந்தைக்கு வேறொன்று.

ஓடம் கடையில் கிடைக்காவிட்டாலும் வேலை நிற்காது. ஐஸ்கிறீம் பெட்டியின் தட்டை மூடியில் 7 சென்ரிமீற்றர் நீளம், 2.5 சென்ரிமீற்றர் அகலத்தில் ஒரு துண்டு வெட்டி, இரு முனையிலும் மீன்வால் மாதிரி V வடிவப் பள்ளம் எடுத்தால் போதும். ஓரங்களை நகம் தேய்க்கும் அரத்தால் மழமழப்பாக்குங்கள். மூடியில் சொரசொரப்பு மிச்சமிருந்தால் ஒரு பூச்சுக் கியூடெக்ஸ் போட்டு நன்றாகக் காயவிடலாம். நூல் ஓடத்தின் விளிம்பைத் தாண்டித் தெரியுமளவுக்குச் சுற்றாதீர்கள். தாண்டினால் பெருவிரல் அழுக்கும் வியர்வையும் முதலில் அந்த நூலில்தான் ஏறும். இரட்டைத் தகட்டு ஓடமென்றால் இரு முனைகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். இடைவெளி விழுந்த ஓடத்தில் நூல் தானாக அவிழ்ந்து மடியில் சுருண்டு கிடக்கும். பின்னப் பின்ன நூலில் முறுக்கு ஏறும். நாலைந்து வளையத்துக்கு ஒருமுறை ஓடத்தைத் தொங்கவிட்டால் அது தானாகச் சுழன்று முறுக்கை இறக்கிவிடும். இதைச் செய்யாததால் உள்நூல் முறுகி உள்ளுக்குள்ளேயே ஒரு குட்டிச் சுருளாக நின்று வளையத்தைப் பூட்டுவதும் உண்டு.

மூடிய வளையத்தைத் திறக்கத் தெரிந்தால் பாதி நூல் மிச்சம். எண்ணிக்கை பிழைத்துவிட்டது என்று மூடிய பிறகு கண்டால் கத்தரிக்கோலைத் தேட வேண்டாம். கடைசிக் காதின் இரு பக்கத்து முடிச்சையும் நகத்தால் பிடித்து மெல்ல விலக்குங்கள். நடுவே உள்நூல் ஒரு மயிரளவு தெரியும். மொட்டை ஊசியை அதன் கீழ் விட்டு நெம்பினால் ஓரிரு மில்லிமீற்றர் வெளியே வரும். பிறகு அந்த நூலைப் பிடித்து, மூடிய பக்கமிருந்து முடிச்சுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தலாம். காது இல்லாத வளையத்தில் இது ஏறத்தாழ முடியாது. இழுத்து இறுக்கிக் கல்லாக்கிய வளையத்திலும் முடியாது. ஆகவே வளையத்தை மூடும்போது இரு நுனியும் தொட்டால் போதும், அதற்கு மேல் இறுக்க வேண்டாம்.

காதின் உயரம் பற்றி ஒரு கணக்கு: இரண்டு முடிச்சுக்கிடையில் விடுகிற நூலின் பாதிதான் காதின் உயரம். 6 மில்லிமீற்றர் இடைவெளி விட்டால் காது 3 மில்லிமீற்றர். கண்மதிப்பு போகப்போக வரும். வரும்வரை தடித்த கடதாசியில் ஒரு கீற்று வெட்டி, அதன் அகலத்தையே அளவாக வையுங்கள். கீற்றின் மேலால் கைநூலைக் கொண்டுபோய் அடுத்த இரட்டையைப் போட்டுவிட்டுக் கீற்றை உருவினால் காது கீற்றின் அகலத்துக்கு நிற்கும். அலங்காரக் காது நீளமாக இருக்கலாம். இணைப்புக்கான காது குட்டையாகத்தான் இருக்க வேண்டும். நீண்ட காதில் இணைத்த வளையங்கள் ஒன்றையொன்று விட்டு விலகி, பல் விழுந்த வாய் மாதிரி தெரியும்.

இணைப்புக்கு 20ஆம் இலக்க நூலென்றால் 0.75 மில்லிமீற்றர் குறோசே ஊசி. முந்திய வளையத்தின் காதினூடாகக் கைநூலை ஒரு கண்ணியாக மேலே இழுத்து, ஓடத்தை அந்தக் கண்ணிக்குள் விட்டெடுத்து, நடுவிரலை உயர்த்திக் கண்ணியைச் சமமாக இறக்குங்கள். ஓட்டம் தடைப்படுகிற இரண்டாவது பெரிய இடம் இது. கண்ணியை இறக்கும்போது உள்நூலும் சேர்ந்து காதுக்குள் ஏறிவிட்டால் அந்த வளையம் இனி மூடாது. இணைத்த கையோடு உள்நூலை ஒரு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு அடுத்த இரட்டைக்குப் போகவும். இணைப்பை நாங்கள் முடிச்சாக எண்ணுவதில்லை. பழைய மாதிரிகள் சிலவற்றில் இணைப்பையே அடுத்த இரட்டையின் முதல் அரையாக வைத்திருப்பார்கள். மாதிரி தந்தவர் எப்படி எண்ணினார் என்று கேட்காமல் தொடங்கினால் ஒவ்வொரு வளையத்திலும் அரை முடிச்சு இடறும்.

பூ மாதிரியில் கடைசி இதழை முதல் இதழோடு சேர்க்கும்போது காது ஒரு அரைச் சுற்றுத் திரும்பிக்கொள்வது எல்லோருக்கும் வருகிற தலையிடி. பூவை நடுவால் வலப்பக்கமாக மடித்து, முதல் இதழின் காதைப் பின்பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு இணைத்தால் மடிப்பை விரிக்கும்போது அது நேராகும். ஓரிரு தடவை பழைய நூலில் செய்து பார்க்காமல் நல்ல வேலையில் கை வைக்க வேண்டாம்.

இனி ஒரு லேஞ்சி ஓரம். தமிழில் சுருக்கமாக எழுதிக்கொள்கிறோம்: வ என்றால் வளையம், வி என்றால் வில், மூ என்றால் மூடு, தி என்றால் வேலையைத் தலைகீழாகத் திருப்பு. எண் இரட்டைகளின் எண்ணிக்கை, கோடு காது, கூட்டல் குறி இணைப்பு.

வ 5-5-5-5 மூ. தி. வி 5-5. தி.
வ 5+5-5-5 மூ. தி. வி 5-5. தி.

இரண்டாவது வரியைத் திரும்பத் திரும்பப் பின்ன வேண்டியதுதான். வளையங்கள் வெளியே பார்க்கும், வில்லின் நடுக்காது துணியில் தைபடும். ஓடத்து நூலையும் பந்து நூலையும் (நூற்பந்திலிருந்து நேரே வருவது) வெட்டிப் பிரிக்காமல் ஒரே நூலாக வைத்துத் தொடங்கினால் ஒளிக்க வேண்டிய நுனி இரண்டு குறையும். வளையம் முழுக்க ஓடத்து நூல், அதுவே கையைச் சுற்றிக் கைநூலாகவும் நிற்கும். வில்லில் பந்து நூல்தான் சுற்றுகிறது, ஓடத்து நூல் உள்ளே நேராகப் போகிறது. வளையம் முடிந்து திருப்பியதும் வில்லின் முதல் இரட்டை வளையத்தின் அடியோடு ஒட்டி உட்கார வேண்டும். அரை மில்லிமீற்றர் நூல் வெறுமையாகத் தெரிந்தால் துவைத்த பிறகு அது இன்னும் பெரிதாகத் தெரியும்.

மூலையில் மூன்று வளையம் சேர்ந்த கொத்து வைக்கலாம்:

வ 5+5-5-5 மூ. வ 5+7-7-5 மூ. வ 5+5-5-5 மூ. தி. வி 5-5. தி.

மூன்றுக்கும் இடையில் திருப்புதல் இல்லை, நூலிடைவெளியும் இல்லை. நடு வளையம் பெரிது. அதுதான் 90 பாகைத் திருப்பத்தை நிரப்புகிறது. நடு வளையத்தையும் 5-5-5-5 என்றே பின்னினால் மூலை கிண்ணம் மாதிரிக் குழியும். கூட்டி 9-9 ஆக்கினால் அலையடிக்கும். எந்த ரேந்தைக்கும் இதே விதிதான்: குழிந்தால் வெளிச்சுற்றில் முடிச்சு போதாது, அலையடித்தால் கூடிவிட்டது.

அளவை மனதில் போட வேண்டாம். முதலில் துணியைத் துவைத்துக் காயவையுங்கள், கைத்தறி என்றால் இரண்டு தரம். பிறகு பத்து வளையம், பத்து வில் பின்னி, அதையும் நனைத்துக் காயவைத்து அளவுகோலில் வையுங்கள். பத்தும் சேர்ந்து 9 சென்ரிமீற்றர் வந்தால் ஒரு முறைக்கு, அதாவது ஒரு வளையமும் ஒரு வில்லும் சேர்ந்ததற்கு, 9 மில்லிமீற்றர். லேஞ்சியின் ஒரு பக்கம் 28 சென்ரிமீற்றர் என்றால் 280ஐ 9ஆல் வகுக்க 31. மிஞ்சுகிற ஒரு மில்லிமீற்றர் தைக்கையில் இழுபட்டுப்போகும். நாலு பக்கத்துக்கும் 124 முறை. ஒரு முறைக்கு வளையத்தில் 20, வில்லில் 10, ஆக மூலைகளைச் சேர்க்காமலே 3,720 இரட்டை முடிச்சு. "ஒரு லேஞ்சிக்கு இவ்வளவு விலையா" என்று கேட்கிறவருக்கு இந்த எண்ணைச் சொன்னாலே போதும், விலை பேசத் தேவையில்லை.

இவ்வளவு நீளத்துக்கு ஓடம் ஒருமுறை சுற்றினால் காணாது. எங்கே நூல் சேர்ப்பது என்பது முக்கியம். வளையத்தின் நடுவே முடிச்சு வந்தால் அது உள்நூலிலேயே நின்று வளையத்தை மூடவிடாது. ஆகவே ஓடத்தில் ஒரு சாண் நூல் மிச்சமிருக்கும்போதே, ஒரு வளையம் மூடி முடிந்த இடத்தில் நிறுத்தி, புதிய நூலை வளையத்தின் அடியில் சேருங்கள். ஒரு வளையத்துக்கு எவ்வளவு நூல் போகிறது என்று முதல் வளையத்திலேயே அளந்து வைப்பது நல்லது: பின்னுவதற்கு முன் ஓடத்து நூலில் 50 சென்ரிமீற்றரில் பென்சில் புள்ளி ஒன்று, மூடிய பிறகு புள்ளிவரை எவ்வளவு மிச்சம் என்று பார்த்தால் கணக்கு கையில்.

நுனி ஒளிப்பதில் கம் பூசுவதை நாங்கள் ஒருபோதும் ஏற்றுக்கொண்டதில்லை. கம் இங்குள்ள ஈரத்தில் மஞ்சளாகும், துவைத்தால் வெளுத்துத் திட்டாகும். கடைசி வில்லின் ஐந்து இரட்டையைப் போடும்போது மெல்லிய தையல் நூலொன்றை இரண்டாக மடித்து, அதன் கண்ணி முனை முன்னுக்கு நிற்க, உள்நூலோடு சேர்த்து வைத்துப் பின்னுங்கள். பின்னி முடித்து நூலை முடிச்சுப் போட்ட பிறகு நுனியை அந்தக் கண்ணியில் கோத்து, மடித்த நூலின் மறுமுனையை இழுத்தால் நுனி ஐந்து முடிச்சுக்குள்ளால் ஓடிப்போய் மறைந்துவிடும். வெட்டும்போது ரேந்தையைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்துக்கொண்டு வெட்டினால், விட்டதும் வெட்டு நுனி உள்ளே போய்விடும்.

மட்டக்களப்பு, அம்பாறைக் காற்றுக்கென்று சில கவனங்கள் தனியே உண்டு. கச்சான் வீசுகிற மாதங்களில் கை வியர்த்து நூல் ஈரமாகும், ஈரப் பருத்தி ஊதும், ஊதிய முடிச்சுக்குள் உள்நூல் ஓடாது. அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை கை கழுவித் துவாயால் துடைத்துவிட்டுத் தொடருங்கள். பவுடர் போடாதீர்கள், அது முடிச்சுக்குள் அப்பி வெள்ளை நூலைச் சாம்பலாக்கும். கடல் உப்புக் காற்றில் சாதாரணக் குண்டூசி ஓரிரவில் துரு விடும். விரித்துக் குத்த துருப்பிடிக்காத ஊசி மட்டும். துருப்புள்ளி விழுந்துவிட்டால் தேசிக்காய்ச் சாறும் உப்பும் தடவி வெயிலில் சற்று வைத்து, பிறகு நன்றாக அலசலாம். வெள்ளை நூலுக்கு மட்டும், நிற நூலுக்கு வேண்டாம்.

விரிப்பதற்கு ரெஜிபோம் பலகை, மேலே லஞ்ச் சீற். அளவை லஞ்ச் சீற்றுக்குக் கீழே கடதாசியில் கீறி வைத்தால் மை ரேந்தையில் ஏறாது. மென் சவர்க்காரத்தில் அமுக்கித் துவைத்து, முறுக்காமல் துவாயில் சுருட்டி ஈரத்தை எடுத்து, நடுவிலிருந்து வெளியே குத்திக்கொண்டு போகவும். முதலில் மூலை நாலும், பிறகு பக்கங்களின் நடு, கடைசியில் காதுகள். கஞ்சி தேவையென்றால் ஒரு கோப்பை தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி கோன்பிளவர், குளிர்ந்த நீரில் கரைத்துக் கண்ணாடி மாதிரி ஆகும்வரை காய்ச்சி ஆறவைத்தது. சோறு வடித்த கஞ்சியும் சரி, ஆனால் துணியால் வடித்தெடுக்க வேண்டும், பருக்கைத் துகள் காதுக்குள் காய்ந்தால் எடுக்க முடியாது. நத்தார் மரத்தில் தொங்கவிடும் நட்சத்திரத்துக்குக் கஞ்சி போதாது. மார்கழி ஈரத்தில் இரண்டு நாளில் தலை தொங்கும். அதற்கு வெள்ளைக் கம்மும் தண்ணீரும் சரிபாதி. அலங்காரப் பொருளென்றால் கம் இருக்கட்டும், துவைக்கிற பொருளில்தான் கூடாது.

பத்திரப்படுத்தும் ரேந்தையில் கஞ்சி இருக்கவே கூடாது. முதல் நன்மைச் சட்டை, ஞானஸ்நானச் சட்டை, திருமணத்துக்குப் போட்ட முக்காட்டின் ஓரம் என்று வருடக்கணக்கில் அலுமாரியில் கிடப்பவற்றைக் கரப்பானும் இராமபாணப் பூச்சியும் தேடி வருவது கஞ்சிக்காகத்தான். கஞ்சி போகத் துவைத்து, முற்றாகக் காய்ந்த பிறகு, பழைய வெள்ளைப் பருத்தித் துணியில் சுருட்டி வையுங்கள். மடித்தால் மடிப்பில் நூல் நலியும். பொலித்தீன் பையில் கட்டினால் மாரியில் கறுப்புப் புள்ளி விழும். நிற நூலில் பின்னியதை வெள்ளைத் துணியில் தைக்க முன்பே நூலில் ஒரு துண்டை நனைத்து வெள்ளைச் சீலையில் ஒரு இரவு அமுக்கி வைத்துப் பாருங்கள். சிவப்பும் கருநீலமும்தான் அதிகம் ஏமாற்றுவது.

செய்ததை மற்றவர்களுக்குக் காட்டும்போது படத்தைக் கருஞ்சீலையின் மேல், யன்னல் வெளிச்சத்தில், பக்கத்தில் அளவுகோலோடு எடுங்கள். மின்குமிழுக்குக் கீழ் எடுத்த படத்தில் முடிச்சே தெரிவதில்லை. நூல் இலக்கம், முடிச்சு எண்ணிக்கை, ஒரு முறையின் நீளம் ஆகிய மூன்றும் இல்லாத படத்துக்கு "வடிவு" என்று மட்டும்தான் பதில் சொல்ல முடியும். பிழை என்னவென்று கேட்பவர் பின்பக்கத்தையும் எடுக்க வேண்டும். மாறாத அரை முடிச்சும், இணைப்பில் காதுக்குள் ஏறிய உள்நூலும் முன்பக்கத்தில் ஒளிந்துகொள்ளும், பின்பக்கத்தில் பிடிபடும்.